கணினிக்கு ஒரு கைராசிக்காரர்

வீட்டுக் கணினி படுத்துக்கொண்டால் இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். ஒருவர், போன் போட்டுக் கெஞ்சினால் நான்காம் நாள் வருகிற கடைக்காரர். இன்னொருவர், யாரும் கூப்பிடாமலே நான்காம் நிமிடம் வந்து நிற்கிறவர். முதலாமவருக்குக் கூலி உண்டு, ஆகவே பயமும் உண்டு. இரண்டாமவருக்கு இரண்டும் கிடையாது. நாம் பார்க்கப்போவது இந்த இரண்டாமவரைத்தான்.

இவரை அடையாளம் காண்பது எளிது. மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருக்கும் இடத்தில் இவர் ஸ்குரூ டிரைவர் வைத்திருப்பார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "யாரு தொட்டது?" என்று கேட்பார். நோயாளியைப் பார்ப்பதற்கு முன்பே நோயைச் சொல்லிவிடுவார். அவருடைய மருத்துவத்தில் நோய்கள் மொத்தமே மூன்று: வைரஸ், தூசி, வீட்டுப் பெண்கள். மருந்தும் மூன்றுதான். அணைத்துப் போடுவது, ஊதுவது, ஒயரை ஆட்டுவது. பத்தில் ஏழு தடவை கணினி இதற்கே எழுந்து உட்கார்ந்துவிடும், ஏனென்றால் பத்தில் ஏழு தடவை அதற்கு ஒன்றுமே இருக்காது. ஜலதோஷத்துக்குச் சூரணம் கொடுத்துப் பெயர் வாங்கிய வைத்தியர்களை நமக்குத் தெரியாதா?

ஒரே ஒரு காரியத்தை மட்டும் அவர் செய்யமாட்டார். திரையில் எழுதியிருப்பதைப் படிக்கமாட்டார். கணினி பாவம், தனக்கு எங்கே வலிக்கிறது என்று நான்கு வரியில் சொல்வதற்கு ஒரு சின்னப் பெட்டியைத் திறக்கும். முதல் வார்த்தை வெளியே வருமுன் அவர் விரல் அதன் வாயிலேயே ஒரு குத்து விடும். பெட்டி மறைந்துவிடும். "இதெல்லாம் சும்மா வரும்," என்பார். அந்தப் பெட்டி மறுபடி வரும். மறுபடி குத்து. நாளெல்லாம் இப்படி நடந்தாலும் இருவரில் ஒருவருக்கும் அலுக்காது.

இந்த இனத்தின் தேர்ந்த மாதிரி ஒருவர் நேபாளத்து லலித்பூரில் இருந்தார். பெயர் ஞானரத்ன தாம்ராகார். அந்த ஊரின் பூர்வகுடிகளான நேவார் மக்களில் ஒருவர். தொழில், செம்புப் பாத்திரக் கடை. கணினியை அவர் எங்கே கற்றார் என்று யாரும் கேட்டதில்லை. ஒரு பெரிய அலுவலகத்தில், எது என்று சொல்லமாட்டார், ரகசியமாம், செத்துக் கிடந்த பதினேழு கணினிகளை ஒரே மத்தியானத்தில் அவர் எழுப்பிவிட்ட கதை மட்டும் எல்லோருக்கும் தெரியும். போன தசைன் பண்டிகைக்குச் சொன்னபோது அது பதினொன்றாக இருந்தது.

நேபாளத்துப் புது வருஷம் பிறந்து நான்காம் நாள். யாரோ எதற்கோ பந்த் அறிவித்திருந்தார்கள். எதற்கு என்று அவர் குடியிருந்த முற்றத்தில் ஒருவருக்கும் தெரியாது. கடையைச் சாத்தியாகிவிட்டது, காரணம் மறுநாள் பேப்பரில் வந்தால் போயிற்று. முற்றத்தைச் சுற்றியிருந்த இருபது வீட்டு ஆண்களும் நடுவிலிருந்த சைத்தியம் என்கிற சின்னப் புத்த ஸ்தூபியில் முதுகைச் சாய்த்து வெயில் காய்ந்தார்கள். பெண்கள் துணி துவைத்தார்கள். பந்த் என்றால் யாருக்கு ஓய்வு என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாம் மாடியில் சம்ஜனா மகர்ஜன் மட்டும் கணினி முன்னால் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஜப்பானில் ஓராண்டுப் பயிற்சிக்கு ஆயிரம் பேர் எழுதிப்போட்டு, பதினாறு பேரைத் தேர்ந்தெடுத்து, அதில் அவள் ஒருத்தி. "ஏப்ரல் 17 மாலை ஐந்து மணிக்குள் எங்கள் இணையதளத்தில் ஒப்புதல் தெரிவித்து, ஆஸ்பத்திரியின் விடுப்புக் கடிதத்தையும் இணைக்கவும், தவறினால் இடம் அடுத்தவருக்குப் போகும்," என்று எழுதியிருந்தார்கள். ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் புது வருஷ விடுமுறையை அனுபவித்து முடித்துக் கையெழுத்துப் போட்டது நேற்று மாலை. சம்ஜனா அப்படியே சைபர் கடைக்கு ஓடி, கடிதத்தை ஸ்கேன் எடுத்து, வீட்டுக் கணினியில் போட்டு வைத்துவிட்டு ராத்திரி டூட்டிக்குப் போய்விட்டாள். இன்றைக்கு ஏப்ரல் 17. சைபர் கடை பந்த்தில் பூட்டிக் கிடந்தது.

இன்னொரு சங்கடமும் இருந்தது. அது மின்வெட்டுக் காலம். எந்தப் பகுதிக்கு எப்போது மின்சாரம் என்ற அட்டவணையைச் சமையலறைச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருப்பார்கள். இரண்டில் எதை அதிகம் கும்பிட்டார்கள் என்று சொல்வது கஷ்டம். அன்றைய அட்டவணைப்படி சம்ஜனா வீட்டுக்கு மின்சாரம் பத்து மணி முதல் மத்தியானம் இரண்டு வரை. பிறகு ராத்திரி எட்டுக்கு. ஆக, ஜப்பான்காரன் கொடுத்த ஐந்து மணியை மின்வாரியம் இரண்டு மணியாக வெட்டிவிட்டது.

பதினொன்றரைக்கு உட்கார்ந்தாள். செய்திப் பக்கம் திறந்தது. கிரிக்கெட் ஸ்கோர் திறந்தது. மெயில் திறக்கவில்லை. ஜப்பான் பக்கமும் திறக்கவில்லை. ஒரு பெட்டி மட்டும் எழுந்து ஏதோ சொன்னது. அவள் கணவன் தீர்த்தராஜ் எட்டிப் பார்த்தான். போய் ஜன்னலைத் திறந்தான். வாயைத் திறக்கவில்லை, அதற்குள் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது.

"யாரு தொட்டது?"

"நான்தான் அண்ணா," என்றாள் சம்ஜனா. "பேப்பரெல்லாம் திறக்குது. மெயிலும் ஜப்பான் பக்கமும்தான் திறக்கல. ஏதோ எழுதி வருது, பாருங்க..."

"எழுதித்தான் வரும் தங்கச்சி. எழுதறதுதானே அதோட வேலை. நகரு."

நகர்ந்தாள். நீங்களும் நகர்ந்திருப்பீர்கள். அந்த "நகரு"வுக்கு அப்படி ஒரு அதிகாரம் உண்டு. பெட்டி வாயைத் திறந்தது, குத்து விழுந்தது. ஞானரத்ன கணினியை அணைத்தார், போட்டார். அணைத்தார், போட்டார். பின்பக்க மூடியைக் கழற்றி உள்ளே ஊதியதில், மூன்று வருஷத் தூசி எழுந்து தீர்த்தராஜின் தேநீரில் படிந்தது. பிறகு இணையம் வரும் சின்னப் பெட்டியை, மின்சாரம் போனாலும் சில நிமிஷம் தாங்கும் பேட்டரிப் பெட்டியோடு சேர்ந்திருந்த இடத்திலிருந்து பிடுங்கி, ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்து, அங்கிருந்த சுவர் பிளக்கில் மாட்டினார்.

"எதுக்கு அண்ணா அங்க?"

"காத்து வாங்கட்டும். மூச்சு முட்டுது அதுக்கு."

இதற்குள் செய்தி முற்றத்தில் பரவி, வெயில் காய்ந்தவர்களில் ஒரு பகுதி மாடிக்கு வந்துவிட்டது. பந்த் நாளில் வேடிக்கை கிடைப்பது அரிது. தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அஷ்டமாயா, மடியில் ஒரு தட்டு அவலும் வறுத்த சோயாவுமாக, பார்ப்பதற்கு வசதியான நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன வியாதி, ஞானரத்னா?"

"வைரஸ் அக்கா. சீன வைரஸ்."

"எங்க வீட்டு மெஷினுக்கும் அதேதான் சொன்னே. நீ பாத்துட்டுப் போனதுக்கப்புறம் அந்த டப்பாவை ஊறுகாய் ஜாடிமேல பாரமா வச்சிருக்கேன். ஒரு குறையும் சொல்லக்கூடாது, நல்லா வேலை செய்யுது."

எல்லோரும் சிரித்தார்கள். ஞானரத்னவும் சிரித்தார். இந்த இனத்துக்கு அவமானம் ஒட்டாது, செம்பில் புளி தேய்த்த மாதிரி இன்னும் பளபளப்பாகத்தான் வரும். "அது வன்பொருள் கோளாறு அக்கா, இது மென்பொருள்," என்று இரண்டு பெரிய சொற்களைப் போட்டு அவள் வாயை அடைத்துவிட்டு, "தேவையில்லாததையெல்லாம் தூக்கறேன்," என்று மளமளவென்று எதையெதையோ அழிக்கத் தொடங்கினார். தேவையா இல்லையா என்பதை அவர் பெயரைப் பார்த்தே முடிவு செய்தார். நீளமான பெயர் எல்லாம் தேவையில்லை.

பன்னிரண்டே முக்கால். சம்ஜனா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மாமியார் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஆறு வருஷம் ஓடி, ராத்திரி டூட்டிக்கு இடையில் ஜப்பானிய எழுத்து பழகி வாங்கிய இடம் அது. "அண்ணா, நேரமாகுது," என்றாள்.

"நிதானம் தங்கச்சி. பதினேழு மெஷின் பாத்தவன் நான்."

"பதினொண்ணுன்னு சொன்னே," என்றாள் அஷ்டமாயா, சோயாவை மென்றுகொண்டே.

ஒன்றே காலுக்கு ஞானரத்ன நிமிர்ந்தார். டாக்டர் அறுவை சிகிச்சை என்று சொல்லும்போது வருகிற முகம் வந்தது. சட்டைப் பையின் இன்னொரு பக்கத்திலிருந்து ஒரு குறுந்தகட்டை எடுத்தார்.

"பார்மட் பண்ணிட வேண்டியதுதான். மொத்தத்தையும் துடைச்சுப் புதுசாப் போட்டுடறேன்."

"என் ஆஸ்பத்திரிக் கடுதாசி உள்ள இருக்கே!"

"அதுவும் சுத்தமாயிடும்."

சம்ஜனா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். ஊசி போடும்போது துள்ளுகிற நோயாளியைப் பிடிக்கும் பிடி. "தொடாதீங்க அண்ணா."

தீர்த்தராஜ் சங்கடப்பட்டான். "அண்ணா நமக்காகத்தானே மெனக்கெடறாரு," என்று முணுமுணுத்தான். ஞானரத்ன குறுந்தகட்டைப் பெருந்தன்மையோடு உள்ளே வைத்தார். "சரி. அப்ப மூலம் இங்க இல்ல. மொட்டை மாடியில இருக்கு. நெட் வர்ற ஒயர் துருப் பிடிச்சிருக்கும். தீர்த்தராஜ், ஒரு துணி எடுத்துட்டு வா." அவர் ஏற, பின்னால் தீர்த்தராஜ் ஏற, வேடிக்கை எங்கே போகிறதோ அங்கே கூட்டமும் ஏறியது. அஷ்டமாயாவுக்கு முழங்கால் வலி, ஆகவே படிக்கட்டின் அடியிலேயே நின்றுகொண்டாள்.

இரண்டு மணி நேரத்தில் முதன்முறையாகச் சம்ஜனாவும் கணினியும் தனியாக இருந்தார்கள்.

அவளுக்கு வார்டில் இந்தக் காட்சி பழக்கம். டாக்டர் வருவார், நோயாளி "எனக்கு வந்து..." என்று ஆரம்பிப்பார், "ஒண்ணுமில்ல, சரியாயிடும்," என்று சொல்லி டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். அவர் போனபின் திரும்பி வந்து, "என்ன சொல்ல வந்தீங்க?" என்று கேட்பது நர்ஸ்களின் வேலை. சம்ஜனா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஜப்பான் பக்கத்தைத் திறந்தாள். பெட்டி வந்தது. அவள் கையைக் கட்டிக்கொண்டாள். பெட்டிக்கே ஒரு கணம் நம்பிக்கை வந்திருக்காது.

இந்தத் தளத்தின் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது, என்றது பெட்டி. உங்கள் கணினியின் கடிகாரம் 2070 ஏப்ரல் 17 என்று காட்டுகிறது. இது சரிதானா?

சரிதான், என்று நினைத்தாள் சம்ஜனா. ஏன் நினைக்கமாட்டாள்? சுவர்க் காலண்டரில் வருஷம் 2070. ஆஸ்பத்திரி வருகைப் பதிவேட்டில் 2070. மூன்று நாளைக்கு முன்னால் ஊரே ஆடிப்பாடி வரவேற்றதும் 2070ஐத்தான். அந்த நாட்டில் யாரை எழுப்பிக் கேட்டாலும் இது 2070 என்றுதான் சத்தியம் செய்வார்கள். பெட்டியைக் கடந்து அடுத்த வரிக்குப் போனவள், திரும்பி வந்தாள். ஏப்ரல். 2070க்கு ஏது ஏப்ரல்? அது நேபாளத்து விக்கிரம வருஷம், அதற்குப் பைசாக் அல்லவா மாதம்? ஜப்பான் கடிதத்தை எடுத்துப் பார்த்தாள். ஏப்ரல் 17, 2013. ஏப்ரலுக்குப் புருஷன் 2013. இங்கே யாரோ அதை 2070க்குக் கட்டிவைத்துவிட்டார்கள்.

செய்தியும் கிரிக்கெட்டும் சான்றிதழ் கேட்காமல் திறக்கும், மெயிலும் ஜப்பானும் கேட்கும். உலகத்துச் சான்றிதழ்களெல்லாம் ஐம்பது வருஷத்துக்கு முன்பே காலாவதியாகிப்போன ஓர் எதிர்காலத்தில் அவள் வீட்டுக் கணினி மட்டும் தன்னந்தனியாக உட்கார்ந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

படிக்கட்டில் தலையை நீட்டிக் கத்தினாள். "இந்த மெஷின்ல வருஷத்தை மாத்தினது யாரு?"

மேலிருந்து தீர்த்தராஜ் குரல் வந்தது. "அண்ணாதான்! வருஷப் பிறப்பன்னிக்கு! நீ டூட்டிக்குப் போயிருந்தே!"

அதற்கும் மேலிருந்து ஞானரத்னவின் குரல், அடக்கமான பெருமையோடு வந்தது. "ஐம்பத்தேழு வருஷம் பின்தங்கி ஓடிட்டிருந்துச்சு தங்கச்சி! நான்தான் முன்னால கொண்டாந்தேன்! போன மஹ பூஜா, அதான் நம்ம நேவார் வருஷப் பிறப்பு, அன்னிக்கே 1133 போடலாம்னு பாத்தேன், மெஷின் ஒத்துக்கல. அதுக்கு இனப்பற்று கிடையாது!"

"அடப்பாவி," என்றாள் அஷ்டமாயா, படிக்கட்டடியில்.

சம்ஜனா பதில் சொல்ல நேரமில்லாமல் திரும்பி ஓடினாள். ஒன்று ஐம்பது. திரை மூலையில் மணி மட்டும் தெரியும், வருஷம் தெரியாது. அதனால்தான் நான்கு நாளாக ஒருவர் கண்ணிலும் படவில்லை. மணியின் மேல் இரண்டு தட்டு தட்டினாள். காலண்டர் திறந்தது. 2070ஐ 2013க்கு இறக்கினாள். ஜப்பான் பக்கத்தை மறுபடி அழைத்தாள்.

திறக்கவில்லை. புதிதாக வேறொரு பெட்டி. இப்போது அவளுக்குப் பழகிவிட்டது, படித்தாள். இணைய இணைப்பே இல்லை என்றது.

"அண்ணா! ஒயர் எங்க?"

"கையில!"

"மாட்டுங்க!"

"இன்னும் துடைக்கல தங்கச்சி! பாதிதான்..."

"மாட்டுங்கங்கறேன்!"

ஒரு நோயாளிக்கு ஒன்பது உறவினர் என்று வார்டை அடைத்து நிற்கும் கூட்டத்தை ஒரே சொல்லில் வராந்தாவுக்குத் துரத்துகிற குரல் அது. சைத்தியத்தின்மேல் உட்கார்ந்திருந்த புறாக்கள் பறந்தன. மொட்டை மாடியில் ஒயர் மாட்டப்பட்டது.

ஒன்று ஐம்பத்து நான்குக்கு ஜப்பான் திறந்தது.

"வந்துடுச்சா?" என்று மேலே கேட்டார்கள். "வந்துடுச்சு!" என்றாள் அஷ்டமாயா, ஆர்வத்தை அடக்கமாட்டாமல். மாடியில் கைதட்டல் எழுந்தது. சம்ஜனா அதைக் கேட்கவில்லை. பெயர், பிறந்த தேதி, அதுவும் அவர்கள் கணக்கில். பாஸ்போர்ட் எண், கடிதம், புகைப்படம். புகைப்படம் பெரிதாக இருக்கிறது, சின்னதாக்கு என்றது ஒரு பெட்டி. படித்தாள், சின்னதாக்கினாள். ஒன்று ஐம்பத்தொன்பது. அனுப்பு என்பதை அழுத்தினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றியது. நகம் எல்லாம் தீர்ந்துவிட்டதால் துப்பட்டாவைக் கடித்தாள்.

பட்டென்று மின்சாரம் போயிற்று. இருபது வீடுகளிலிருந்தும் "போச்சு!" என்ற பெருமூச்சு ஒன்றாக எழுந்தது. ஜன்னலோரம் சுவர் பிளக்கில் காற்று வாங்கிக்கொண்டிருந்த இணையப் பெட்டி கண்ணை மூடியது. கணினி மட்டும் பேட்டரியில் கீக் கீக் என்று அலறியபடி உயிரோடிருந்தது. அதன் திரையில் வட்டம் இல்லை. அந்த இடத்தில் இரண்டு வரி இருந்தது. உங்கள் ஒப்புதல் கிடைத்தது. பதிவு எண் இது. சம்ஜனா எண்ணைப் புறங்கையில் எழுதிக்கொண்டு, பிறகுதான் மூச்சு விட்டாள்.

ஞானரத்ன துணியில் கையைத் துடைத்தபடி இறங்கி வந்தார். பின்னால் ஊர்வலம்.

"சொன்னேன்ல? மூலம் மேலதான். பாதி ஒயர் துடைச்சதுக்கே ஜப்பான் வந்துடுச்சு. முழுசாத் துடைச்சிருந்தா?"

"அமெரிக்கா வந்திருக்கும்," என்றாள் அஷ்டமாயா.

சம்ஜனா நடந்ததைச் சொன்னாள். பொறுமையாக, மரியாதையாக, தேதி, சான்றிதழ், ஐம்பத்தேழு வருஷம் எல்லாவற்றையும். ஞானரத்ன தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். இந்த இனம் நன்றாகக் கேட்கும், காதில் போட்டுக்கொள்ளாது.

"அது தற்செயல் தங்கச்சி. ஒயர் சரியானதும் எல்லாம் சரியாத்தான் ஆகும்." பிறகு திரையை உற்றுப் பார்த்தார். திறந்தபடியே இருந்த காலண்டரில் அவர் அன்று படித்த ஒரே எழுத்து கண்ணில் பட்டது. "அட, மறுபடியும் 2013க்குப் போயிடுச்சே! இரு, இரு..." அவர் விரல் நீண்டது.

மணிக்கட்டை இரண்டாவது தடவை பிடிப்பது மரியாதையாகாது. சம்ஜனா அஷ்டமாயாவின் கையிலிருந்த அவல் தட்டை எடுத்து, இரண்டு கையாலும் ஏந்தி, தலை குனிந்து, "ஹஜூர், சாப்பிடுங்க. காலையிலேருந்து வெறும் வயிறா இருக்கீங்க," என்று நீட்டினாள். இரண்டு கையால் கொடுத்ததை இரண்டு கையாலும்தான் வாங்க வேண்டும். எந்த நேவாரும் ஒற்றைக் கையை நீட்டமாட்டார், மற்றது எவ்வளவு முக்கியமான வேலையில் இருந்தாலும். ஞானரத்னவின் இரண்டு கையும் தட்டில் மாட்டிக்கொண்டன. அவர் முதல் வாய் மெல்வதற்குள் பேட்டரி தீர்ந்து கணினி அணைந்தது.

அந்த வாரத்தில் முற்றத்தில் இன்னும் ஆறு வீடுகளில் மெயில் திறக்கவில்லை என்று தெரியவந்தது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். வருஷப் பிறப்பன்று அவர் ஒரு வீட்டோடு நிற்கவில்லை. அந்த ஆறு வீட்டாரும் யாரைக் கூப்பிட்டார்கள்? ஜப்பானைக் கொண்டுவந்தவரைத்தான். அவர் ஒவ்வொரு மொட்டை மாடியாக ஏறி ஒயர் துடைத்தார். அவர் ஏறுகிற நேரம் பார்த்துச் சம்ஜனா அந்த வீட்டுக்குள் போய், "ஒரு நிமிஷம்," என்று வருஷத்தை இறக்கிவிட்டு வந்தாள். ஆறு வீட்டிலும் மெயில் திறந்தது. ஆடியில் அவள் விமானம் ஏறும்போது பூ மாலையோடு வழியனுப்ப வந்தவர்களில் முன்னால் நின்றவர் ஞானரத்ன. "நான் அன்னிக்கு மாடி ஏறலேன்னா இந்தப் பொண்ணு இன்னிக்கு ஏரோப்ளேன் ஏறியிருக்குமா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். அவர் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. அவள் குனிந்து கும்பிட்டாள், சிரிப்பு தெரியாமல் இருப்பதற்காகக் கொஞ்சம் அதிகமாகவே குனிந்தாள்.

நீங்கள் அப்படி இல்லை. ஸ்குரூ டிரைவரே வைத்துக்கொள்ளாதவர், யார் வீட்டு மாடியிலும் ஏறாதவர், ஆயிரத்துச் சொச்சம் வார்த்தைகளை வரிவிடாமல் படித்து இதுவரை வந்திருப்பவர். உங்களைச் சந்தேகப்படுவது பாவம். ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும். இன்று காலை உங்கள் போனில் ஒரு பெட்டி எழுந்து நான்கு வரி சொல்ல வந்ததே, நீங்கள்கூட அவசரமாக "சரி" என்று அழுத்தினீர்களே.

எதற்குச் சரி சொன்னீர்கள்?